ரெண்டாவது கண் ஆபரேஷன் பண்ணா விழறது குறையுமா? 0.39–1.19ஐ எப்படிப் படிக்கிறது

கேள்வி | மஞ்சக்குப்பம் வாசகர் | 7 ஜூன் 2025, இரவு 9.40

அம்மாவுக்கு 73 வயசு. ஒரு கண்ணுல புரை ஆபரேஷன் தவளக்குப்பம் அரவிந்த்ல முடிஞ்சுது, நல்லா பாக்குறாங்க. அடுத்த கண்ணையும் பண்ணிடலாமான்னு பேச்சு. வயசானவங்க விழறத பத்தி நெட்ல தேடுனப்ப ரெண்டு ஆராய்ச்சி கிடைச்சுது. முதல் கண்ணுக்கு ரேட் ரேஷியோ 0.66, கான்ஃபிடன்ஸ் இன்டர்வெல் 0.45–0.96. ரெண்டாவது கண்ணுக்கு 0.68, இன்டர்வெல் 0.39–1.19. ரெண்டாவது 1ஐ தாண்டிடுச்சு. அப்ப ரெண்டாவது கண்ணு பண்ணாலும் விழறது குறையாதுன்னுதான அர்த்தம்? அதனால மெதுவா பாத்துக்கலாம்னு நான் சொல்றேன், தங்கச்சி ஒத்துக்க மாட்டேங்குறா. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

7 ஜூன், இரவு 11.05

தங்கச்சி பக்கம்தான் நானும். குறையாதுன்னு அந்த ஆராய்ச்சி எங்கயும் சொல்லல. கண்டிப்பா குறையும்னும் சொல்லல, அது வேற விஷயம்.

ரேட் ரேஷியோன்னா ஆபரேஷன் குரூப் விழற ரேட்டை காத்திருந்த குரூப்போட ரேட்டால வகுத்தது, 1னா ரெண்டும் சமம். ரெண்டு நம்பரையும் ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா எழுதிப் பாருங்க. 0.66, 0.68. ஆபரேஷன் சீக்கிரம் பண்ணிக்கிட்ட குரூப்ல, காத்திருந்த குரூப்பை விட விழற ரேட் ஒண்ணுல 34 சதவீதம் கம்மி, இன்னொண்ணுல 32 சதவீதம் கம்மி. ரெண்டுமே இங்கிலாந்துல நாட்டிங்ஹாம் டீம் பண்ணது, 2005லயும் 2006லயும் வந்துச்சு, ரெண்டுலயும் 70 தாண்டுன பொம்பளைங்க. முதல்ல 306 பேர், அடுத்ததுல 239 பேர். அவங்களுக்குக் கிடைச்ச விடை கிட்டத்தட்ட ஒண்ணேதான், ரெண்டாவதுல நிச்சயம் கம்மி, அவ்ளோதான் வித்தியாசம்.

0.39–1.19னா என்ன? விழறது 61 சதவீதம் குறையுதுங்கறதும் இந்த டேட்டாவோட ஒத்துப்போகுது, 19 சதவீதம் கூடுதுங்கறதும் ஒத்துப்போகுது, நடுவுல இருக்கற எல்லாமும் ஒத்துப்போகுது, அதுல நடுவாந்திரமா இருக்கறதுதான் ரொம்ப நல்லா ஒத்துப்போகுது. 1ங்கற நம்பரும் உள்ள இருக்கு, சரி. ஆனா 0.5ம் உள்ள இருக்கே, அதை ஏன் யாரும் பாக்க மாட்டேங்குறீங்க. 1ஐ மட்டும் பொறுக்கி எடுத்து "ஒண்ணும் ஆகல"ன்னு தீர்ப்பு எழுதறது அந்த இன்டர்வெல்ல இருக்கற பாக்கி எல்லாத்தையும் தூக்கிக் குப்பைல போடற மாதிரி ஆயிடும்.

இன்னொண்ணு, கண் ஆபரேஷன் விழாம இருக்கறதுக்காக மட்டும் பண்றது கிடையாது. பாக்கறதுக்குத்தான். தேதி விஷயம் கண் டாக்டரோட பேசிக்குங்க, நான் பிசியோ, விழுந்தவங்கள எழுப்பி நடக்க வைக்கறது என் வேலை.

8 ஜூன், காலை 6.50

ராத்திரி எழுதுனதோட ஒரு கால்குலேட்டர் வித்தை. இன்டர்வெல்லோட ரெண்டு முனையையும் பெருக்கி ஸ்கொயர் ரூட் எடுங்க. 0.45 × 0.96 = 0.432, ரூட் 0.657. அதான் 0.66. 0.39 × 1.19க்கு ரூட் 0.68. ரேட் ரேஷியோவோட இன்டர்வெல்ல லாக்லதான் (லாகரிதம்) போடுவாங்க, அதனால பெருக்கல்ல பாத்தாதான் ரெண்டு பக்கமும் சமம். 0.39ல இருந்து 0.68 வரைக்கும் 1.75 மடங்கு, 0.68ல இருந்து 1.19 வரைக்கும் அதே 1.75 மடங்கு. வெறும் கழித்தல் போட்டா வலது பக்கம் நீளமா தெரியும், அதைப் பாத்துட்டு "கெட்ட பக்கம்தான் அதிகமா சாயுது"ன்னு நினைக்கறவங்க உண்டு. கண்ணு ஏமாத்துது, வேற ஒண்ணும் இல்ல.

இந்த வித்தைல இன்னொரு லாபம். வாட்ஸ்அப்ல வர்ற படத்துல நம்பர் தப்பா டைப் பண்ணிருந்தா இங்கயே மாட்டும். ரூட் ஒத்துவரலன்னா யாரோ எங்கயோ ஒரு எண்ணை மாத்தி அடிச்சிருக்காங்க, இல்ல வேற முறைல போட்டிருக்காங்க, எதுவா இருந்தாலும் மூல கட்டுரைக்குப் போய் பாத்துட்டுதான் அடுத்தவங்களுக்கு அனுப்பணும்.

8 ஜூன், மதியம் 1.30

பண்ருட்டில இருந்து ஒருத்தர் கேக்குறார், "0.66னா ஒவ்வொருத்தருக்கும் விழற வாய்ப்பு 34 சதவீதம் கொறையுதா?"

இல்லங்க. அந்த 2005 ஆராய்ச்சியவே எடுத்துக்குங்க, இதுக்கு அதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. ஒரு வருஷத்துல ஒரு தடவையாவது விழுந்தவங்க: ஆபரேஷன் குரூப்ல 76 பேர், 49 சதவீதம். காத்திருந்த குரூப்ல 69 பேர், 45 சதவீதம். நல்லா கவனிங்க, ஆபரேஷன் பண்ணவங்கள்ல விழுந்த ஆளுங்க கூட! அப்புறம் எப்படி ரேட் 34 சதவீதம் கம்மி? ஒரு தடவைக்கு மேல விழுந்தவங்க கணக்குல இருக்கு விஷயம். ஆபரேஷன் குரூப்ல 18 சதவீதம், காத்திருந்தவங்கள்ல 25 சதவீதம். திரும்பத் திரும்ப விழறது குறைஞ்சிருக்கு.

ரேட்டுங்கறது மொத்தம் எத்தனை தடவை விழுந்தாங்கங்கறதை எல்லாரையும் கவனிச்ச மொத்த காலத்தால வகுக்கறது. ஆள் கணக்கு அது கிடையாது. ஒரே ஆள் எட்டு தடவை விழுந்தா எட்டும் சேரும். "எத்தனை பேர் விழுந்தாங்க"ங்கறது ரிஸ்க் ரேஷியோ, அது தனி நம்பர், தனி இன்டர்வெல். கட்டுரைல ரெண்டும் பக்கத்துல பக்கத்துல இருக்கும், எது எதுன்னு பாக்காம படிச்சா மண்டை காயும்.

எனக்கு ரேட்தான் பிடிக்கும். முத்தியால்பேட்டைல ஒரு ஆயா வீட்டுக்குப் போவேன். பாத்ரூம் கொல்லைப்பக்கம், தரையை விட ஒரு படி கீழ, லைட் சுவிட்ச் வெளிய, உள்ள போறதுக்கு முன்னாடி தண்ணி புடிச்சு வெச்ச அண்டா பாதி வழியை அடைச்சுக்கிட்டு. ராத்திரி மூணு மணிக்கு ஒண்ணுக்குப் போக எழுந்துக்கும், அந்தப் படில விழும். மாசத்துக்கு ஒரு தடவைன்னு விழுந்தது இப்ப வருஷத்துக்கு ரெண்டு தடவைன்னா, ஆள் கணக்குல அது இன்னும் "விழுந்தவர்"தான், எந்த முன்னேற்றமும் தெரியாது. ரேட்ல தெரியும். ஆயாவோட இடுப்பு எலும்புக்கும் தெரியும்.

9 ஜூன், இரவு 10.15

புதுச்சேரில எம்.எஸ்சி. ஸ்டாட்டிஸ்டிக்ஸ் படிக்கற ஒரு தம்பி கேட்ட கேள்விக்காக இந்த நீளமான குறிப்பு, பிடிக்காதவங்க தாண்டிப் போங்க.

தம்பி சொல்றது: "ரேட் ரேஷியோ இன்டர்வெல் போடறது சுலபம் அண்ணே, ரெண்டு குரூப்பும் எத்தனை தடவை விழுந்துச்சுன்னு எடுத்து, ஒண்ணு பை ஏ பிளஸ் ஒண்ணு பை பி, அதுக்கு ஸ்கொயர் ரூட், 1.96ஆல பெருக்கி லாக்ல கூட்டிக் கழிச்சா போச்சு." பாடப் புத்தகத்துல அப்படித்தான் இருக்கும். அதை விழற டேட்டாவுல போட்டா என்ன ஆகும்னு பாப்போம்.

2010ல ஆஸ்திரேலியாவுல வந்த வைட்டமின் டி ஆராய்ச்சி. 70 தாண்டுன 2,256 பொம்பளைங்க. ஒரு குரூப்புக்கு வருஷத்துக்கு ஒரே தடவை 5 லட்சம் யூனிட் வாய்வழியா, இன்னொரு குரூப்புக்கு வெறும் டம்மி. விழறது குறையும்னு நினைச்சுப் பண்ணாங்க. வைட்டமின் குரூப்ல 837 பேர் சேர்ந்து 2,892 தடவை விழுந்தாங்க, 100 பர்சன்-இயருக்கு (100 பேரை ஒரு வருஷம் கவனிச்ச கணக்கு) 83.4. டம்மி குரூப்ல 769 பேர் 2,512 தடவை, 72.7. கூடிடுச்சு! ரேட் ரேஷியோ 1.15.

இப்ப தம்பி ஃபார்முலா: 1/2892 + 1/2512, ரூட் எடுத்தா 0.027, 1.96ஆல பெருக்குனா 0.053. இன்டர்வெல் 1.09–1.21 வருது. கட்டுரைல போட்டிருக்கறது 1.02–1.30. ரெண்டு மடங்குக்கு மேல அகலம்.

ஏன்? அந்த ஃபார்முலா ஒவ்வொரு தடவை விழறதும் தனித்தனி, ஒண்ணுக்கொண்ணு சம்பந்தம் இல்லன்னு எடுத்துக்குது, பாய்சான் கணக்கு. ஆனா 837 பேர் 2,892 தடவைன்னா விழுந்தவங்க தலைக்கு சராசரி மூணரை. அதுலயும் ஒருத்தர் ஒரே தடவை, இன்னொருத்தர் இருபது தடவைன்னு இருக்கும். பார்க்கின்சன் இருக்கற ஒருத்தர் பத்து தடவை விழுந்தா அது பத்து புதுத் தகவல் கிடையாது, ஒரு ஆளைப் பத்தின ஒரே தகவலை பத்து தடவை கேக்கறோம். அந்த ஆள் சீட்டுக் குலுக்கல்ல எந்த குரூப்புக்குப் போனாரோ அந்த குரூப்போட ரேட் ஏறும். அகலத்தை வெச்சுத் திருப்பிக் கணக்குப் போட்டா, ரெண்டு குரூப்பும் சேர்ந்து 5,404 தடவை விழுந்திருந்தாலும் தகவலோட எடை ஆயிரத்துச் சொச்சம் தனித்தனியா நடந்ததுக்குத்தான் சமம். அஞ்சுல ஒரு பங்கு.

அதனாலதான் இந்தத் துறைல நெகட்டிவ் பைனாமியல் மாடல் போடுங்கன்னு 2005ல இருந்தே சொல்லிட்டு இருக்காங்க. ஆளுக்கு ஆள் ரேட் மாறும்ங்கறதை அது ஒத்துக்கும், இன்டர்வெல் அகலமாகும். கட்டுரை எடுத்ததும் நான் முதல்ல பாக்கறது மெத்தட்ஸ் பகுதில அந்த வார்த்தை இருக்கான்னுதான். சும்மா பாய்சான் போட்டு ரொம்ப ஒல்லியா ஒரு இன்டர்வெல் வந்து நின்னா, அதை நான் மனசுக்குள்ளயே ரெண்டு பக்கமும் இழுத்துவிட்டுதான் படிப்பேன்.

10 ஜூன், காலை 7.20

ராத்திரி எழுதுனதைப் பாத்துட்டு "நான் வாரம் ஒரு 60,000 யூனிட் வைட்டமின் டி பாக்கெட் பால்ல கலந்து குடிக்கறேன், நிறுத்திடவா"ன்னு ஒரு மேடம். நிறுத்தவும் சொல்லல, தொடரவும் சொல்லல மேடம். அது வருஷத்துக்கு ஒரே டோஸ், அஞ்சு லட்சம், அதுக்கு மட்டும்தான் அந்த 1.15. எழுதிக் கொடுத்த டாக்டரையே கேளுங்க. ஆனா எத்தனை வாரம்னு கேட்டுக்கோங்க, எட்டு வாரம்னு எழுதுனதை எட்டு மாசம் குடிக்கறவங்க நிறைய பேரை நான் பாக்குறேன்.

10 ஜூன், மாலை 6.00

"95 சதவீதம்னா உண்மை அந்த வட்டத்துக்குள்ள இருக்க 95 சதவீதம் வாய்ப்பு, இதுல என்ன குழப்பம்"னு ஒரு சார் கொஞ்சம் கோவமா எழுதிருக்கார்.

எல்லாரும் அப்படித்தான் சொல்றோம், டீக்கடைல சொன்னா தப்பில்ல. ஆனா 1937ல நெய்மன்ங்கற புள்ளியியல்காரர் இதை வடிவமைச்சப்ப அந்த 95ஐ முறைக்குத்தான் கொடுத்தார். திருப்பாதிரிப்புலியூர் மார்க்கெட்ல தராசுக்கு முத்திரை குத்திருப்பாங்க. முத்திரை தராசுக்கு. இன்னிக்கு நீங்க வாங்குன கத்தரிக்கா சரியா முக்கா கிலோவான்னு முத்திரை சொல்லாது, இந்தத் தராசுல காலம் பூரா நிறுத்தா பெரும்பாலும் சரியா வரும்னு சொல்லுது. இன்டர்வெல் போடற முறையும் அதே, நூறு ஆராய்ச்சிக்குப் போட்டா சுமார் 95ல உண்மை உள்ள மாட்டும். உங்க கைல இருக்கற ஒண்ணு அந்த 95ல ஒண்ணா, மிச்ச அஞ்சுல ஒண்ணான்னு அதுக்கே தெரியாது.

அதோட கடைக்காரர் விரலைத் தட்டு மேல வெச்சா முத்திரை என்ன பண்ணும்? இன்டர்வெல்லும் அந்த விரலைக் கணக்குல சேர்க்காது. கண் ஆபரேஷன் ஆராய்ச்சில யாருக்குப் பண்ணிச்சு யாருக்குப் பண்ணலன்னு அவங்களுக்கே தெரியும், மறைக்க முடியாது. பண்ணிக்கிட்டவங்க தைரியமா மாடிக்கு ஏறலாம், இல்ல டைரில சின்னச் சின்ன சறுக்கலை எழுதாம விடலாம். இதெல்லாம் 0.45க்கும் 0.96க்கும் வெளிய இருக்கற சந்தேகம்.

10 ஜூன், இரவு 9.30

டைரின்னு சொன்னதும் ஞாபகம் வருது. எங்க பக்கத்து ஆயாங்ககிட்ட "போன மாசம் விழுந்தீங்களா"ன்னு கேட்டா "இல்லப்பா" தான் பதில். "வழுக்கி உக்காந்துட்டேன்" சேராது. "மாட்டுக் கொட்டாய்ல தடுக்கி சாணி மேல சாஞ்சேன்" சேராது. கைகால் ஒடஞ்சாதான் அவங்க கணக்குல விழுந்தது. 2005ல ஐரோப்பாக்காரங்க கூடி ஒரு வரையறை வெச்சாங்க: எதிர்பாராம தரைக்கோ கீழ்மட்டத்துக்கோ போய்ச் சேர்ந்தா ஃபால், அடிபட்டுச்சா இல்லையாங்கறது பேச்சே இல்ல. தினமும் குறிக்கணும், மாசாமாசம் வாங்கணும்னும் சொன்னாங்க.

அதுல நம்ம ஊர்ல ஒரு சிக்கல். வீட்டுக்கு வீடு தினசரி காலண்டர், தாள் கிழிக்கறது. அதுல ஒரு புள்ளி வெச்சிடுங்கன்னா வெப்பாங்க, மறுநாள் காலைல முதல் வேலையா அந்தத் தாளைக் கிழிச்சு மல்லாட்டை மடிக்கப் போயிடும். நகைக்கடைல கொடுக்கற மாசக் காலண்டர்தான் வழி. கட்டம் பெருசு, ஸ்கெட்ச் பேனால பேரனை வெச்சு குறிச்சிடலாம்.

எல்லா குரூப்பும் ஒரே அளவுக்கு மறந்தா ரேஷியோ பெருசா அசையாது, ஏன்னா மேலயும் கீழயும் ஒரே பங்கு போகும், எண்ணிக்கை குறையறதால இன்டர்வெல் மட்டும் அகலமாகும். ஒரு குரூப் மட்டும் மறந்தா ரேஷியோவே நகரும். உடற்பயிற்சி சொல்லிக் கொடுக்க வாரம் ரெண்டு தடவை ஆள் போற குரூப்புக்கு ஞாபகம் நல்லா இருக்கும். அங்க ஃபால் கூடுதலா பதிவாகும், பயிற்சியோட நல்ல பலன் உள்ளதை விட கம்மியா தெரியும்.

12 ஜூன், காலை 8.05

ரெண்டு நாளா வேலை. இங்க பேச்சு எங்கயோ போயிருக்கு, தடுக்கி விழாம இருக்க நைட்டி பாதத்துக்கு மேல எத்தனை விரல் இருக்கணும்னு பேசிட்டு இருக்கீங்க. (நாலு விரல் இருக்கட்டும். புடவைன்னா கொசுவத்தைத் தூக்கிச் சொருகணும்.)

விஷயத்துக்கு வர்றேன். "முதல் கண்ணு வேலை செய்யுது, ரெண்டாவது செய்யல"ங்கற அதே தப்பு பயிற்சி விஷயத்துலயும் நடக்குது. 2012ல சிட்னில 317 பேர், ஏற்கனவே விழுந்து அனுபவப்பட்ட 70 தாண்டுனவங்க. ஒரு குரூப்புக்கு வீட்டு வேலையோட வேலையா பேலன்ஸ் பயிற்சி, பல்லு விளக்கும்போது ஒத்தைக் கால்ல நிக்கறது, அந்த மாதிரி. இன்னொரு குரூப்புக்கு வாரத்துக்கு இத்தனை தடவைன்னு ஒழுங்கான பயிற்சி. மூணாவது குரூப்புக்கு லேசான அசைவு மட்டும். ஆளுக்கு வருஷத்துக்கு விழுந்தது 1.66, 1.90, 2.28. மூணாவதோட ஒப்பிட்டா முதல் குரூப் 0.69, இன்டர்வெல் 0.48–0.99. ரெண்டாவது 0.81, இன்டர்வெல் 0.56–1.17.

உடனே "வீட்டு வேலைப் பயிற்சி ஜெயிச்சுது, ஒழுங்கான பயிற்சி தோத்துது"ன்னு எழுதிடறாங்க. ஒண்ணு 0.99ல நின்னுச்சு, இன்னொண்ணு 1.17க்குப் போச்சு, அவ்ளோதான? அந்த ரெண்டையும் நேருக்கு நேர் வெச்சுப் பாக்கணும்னா 1.66ஐ 1.90ஆல வகுக்கணும், 0.87 வருது. அதுக்குத் தனியா ஒரு இன்டர்வெல் போட்டா அது தாராளமா 1ஐத் தாண்டிப் போகும். இது பெருசா அது பெருசாங்கற கேள்விக்கு அந்த ஆராய்ச்சில பதில் இல்ல.

நான் எதைச் சொல்லிக் கொடுக்கறேன்னு கேட்டா, வீட்டுக்கு வீடு மாறும். அடுப்படி மேடையைப் புடிச்சுக்கிட்டு குதிகால் தூக்கறது எல்லார் வீட்லயும் நடக்கும்.

12 ஜூன், மதியம் 2.40

"அப்ப 1ஐ தாண்டுன எல்லாத்துக்கும் நீங்க சப்பைக்கட்டு கட்டுவீங்களா"ன்னு கேட்ட ஓ.டி. (ஆக்குபேஷனல் தெரபி) நண்பருக்கு. நியாயமான அடி. இல்ல, கட்ட மாட்டேன். அதுக்குத்தான் ரெண்டு முனையையும் பாக்கணும்னு சொல்றது, நமக்குப் பிடிச்ச முனையை மட்டும் இல்ல.

2020ல இங்கிலாந்துல பெரிய ஆராய்ச்சி, 63 கிளினிக், 9,803 பேர். ஒரு குரூப்புக்குத் தபால்ல அறிவுரை மட்டும். இன்னொண்ணுல தபால்லயே கேள்வி அனுப்பி, விழற ஆபத்து இருக்கறவங்களைப் பொறுக்கி உடற்பயிற்சிக்கு அனுப்புனாங்க. மூணாவதுல மருந்து, கண், பி.பி.ன்னு எல்லாத்தையும் சேர்த்துப் பாத்தாங்க. அவங்க எண்ணுனது எலும்பு முறிவு. தபால் அறிவுரையோட ஒப்பிட்டா உடற்பயிற்சி வழிக்கு 1.20, இன்டர்வெல் 0.91–1.59. மூணாவது வழிக்கு 1.30, இன்டர்வெல் 0.99–1.71.

இதுவும் 1ஐ உள்ள வெச்சிருக்கு. 0.39–1.19ம் 1ஐ உள்ள வெச்சிருக்கு. ரெண்டும் ஒண்ணா? கிடையவே கிடையாது. உடற்பயிற்சி வழியோட நல்ல முனை 0.91. ரொம்பத் தாராளமா எடுத்தாலும் 9 சதவீதம்தான் குறைஞ்சிருக்கும். ஒரு ஊர் முழுக்கத் தபால் போட்டு ஆள் பொறுக்கி பயிற்சி நடத்தற செலவுக்கு 9 சதவீதம் போதுமா? எனக்குப் போதாது. நாலுல ஒரு பங்கு முறிவு குறையும்னு நம்பி ஆரம்பிச்சவங்களுக்கு இந்த இன்டர்வெல் "அந்த நம்பிக்கையை விட்டுடு"ன்னு தெளிவா சொல்லுது. கண் ஆராய்ச்சியோட 0.39–1.19 அப்படி எதையும் சொல்ல முடியாத அளவுக்கு அகலம். பேப்பர்ல ரெண்டுக்கும் "வித்தியாசம் இல்லை"ன்னு ஒரே தலைப்புப் போடுவாங்க.

அது பயிற்சியே வீண்னு சொல்லுதான்னா, இல்ல, அந்த வழில பொறுக்கி அனுப்பறதைப் பத்தித்தான் சொல்லுது. 2019 காக்ரேன் தொகுப்புல (பல ஆராய்ச்சியை ஒண்ணா சேர்த்துக் கணக்குப் போட்டது) பயிற்சியால விழற ரேட் 0.77, இன்டர்வெல் 0.71–0.83, 59 ஆராய்ச்சி, 12,981 பேர். முறிவு 0.73, ஆனா 10 ஆராய்ச்சிதான், இன்டர்வெல் 0.56–0.95. முறிவு நம்பரை நான் கொஞ்சம் கைதூரத்துல வெச்சுத்தான் பாக்கறேன், பின்னாடி வந்த அந்தப் பெரிய ஆராய்ச்சி அதுக்கு எதிர்ப்பக்கமா நிக்குது. விழற ரேட் நம்பரை நம்பி தினமும் வேலை பாக்கறேன்.

12 ஜூன், இரவு 10.50

முதியோர் இல்லம் நடத்தற ஒருத்தர் தனியா மெசேஜ்ல கேட்டார், இங்கயே பதில் போடறேன். "0.71–0.83ஐ வெச்சு என் இல்லத்துக்கு என்ன கணக்கு?"

காக்ரேன்காரங்க 1,000 பேருக்கு வருஷத்துல 850 ஃபால்னு அடிப்படை வெச்சு 195 குறையும்னு சொல்றாங்க. இன்டர்வெல்லோட முனைகளைப் போட்டா 144ல இருந்து 246 வரைக்கும். உங்க இல்லத்துல வருஷம் 40 தடவை விழறாங்கன்னு வெச்சுக்குங்க, 7ல இருந்து 12 வரைக்கும் குறையணும். ஆனா ரெண்டு விஷயம். அந்தத் தொகுப்பு தன் வீட்ல வாழறவங்களைப் பத்தினது, இல்லத்துல இருக்கறவங்க இன்னும் பலவீனமானவங்க, அதே ரேஷியோவை அப்படியே தூக்கிட்டு வரக் கூடாது. அடுத்தது, 0.71–0.83ங்கறது சராசரி எங்க இருக்குங்கறதுக்கான இன்டர்வெல். ஒல்லியா இருக்கறதுக்குக் காரணம் 59 ஆராய்ச்சியைச் சேர்த்தது. அடுத்து நீங்க நடத்தப்போற ஒரு புரோகிராம் எங்க விழும்னு கேட்டா அது ப்ரெடிக்‌ஷன் இன்டர்வெல், அது எப்பவும் இதைவிட அகலம். சிலருக்கு 0.6ம் வரும், சிலருக்கு 1ம் வரும். டிரஸ்டிகிட்ட "23 சதவீதம் குறைச்சுக் காட்டறேன்"னு எழுதிக் கொடுத்துடாதீங்க.

ரிஜிஸ்டர் முதல்ல. இன்ன இடம், இன்ன நேரம், கால்ல என்ன போட்டிருந்தாங்க. ஹவாய் செருப்பு எத்தனை தடவை வருதுன்னு பாருங்க.

14 ஜூன், காலை 9.15

புதுக் கண்ணாடி போட்டா விழாம கவனமா இருக்கணுமான்னு நிறைய பேர் கேக்குறாங்க. ஆமா, கவனம் தேவை. 2007ல சிட்னில 70 தாண்டுன 616 பேருக்கு ஒரு ஆராய்ச்சி. பாதிப் பேருக்குக் கண் பரிசோதனை பண்ணி புதுக் கண்ணாடி, தேவைப்பட்டவங்களுக்குச் சிகிச்சைன்னு ஏற்பாடு. விழறது குறையல, கூடிச்சு. 1.57, இன்டர்வெல் 1.20–2.05. இங்க நல்ல முனையே 1.20. ரொம்பச் சாதகமா படிச்சாலும் 20 சதவீதம் அதிகம். பவர் ஒரேயடியா மாறுனவங்களுக்குப் படி ஒரு இடத்துல தெரியும், கால் வேற இடத்துல போகும். ஆபரேஷனுக்கு அப்புறம் புதுக் கண்ணாடி வந்த முதல் சில வாரம் படி இறங்கும்போது ஆள் கூட இருக்கட்டும், கைப்பிடி இல்லாத மாடிப்படி வேண்டாம்.

மேலயும் கீழயும் பவர் இருக்கற மல்ட்டிஃபோகல் போட்டவங்களுக்கு வெளிய போக ஒத்தைப் பவர் கண்ணாடி கொடுத்துப் பாத்த 2010 ஆராய்ச்சில மொத்தமா 0.92, இன்டர்வெல் 0.73–1.16. அடிக்கடி வெளிய போறவங்களை மட்டும் எடுத்தா 0.60, இன்டர்வெல் 0.42–0.87, அதை முன்கூட்டியே திட்டம் போட்டுத்தான் பிரிச்சுப் பாத்திருக்காங்க. வீட்டுக்குள்ளயே இருக்கறவங்களுக்கு வெளிய விழறது கூடிருக்கு. சராசரி 0.92க்குள்ள ரெண்டு எதிரெதிர் கதை. சில்வர் பீச்ல தினம் நடக்கற தாத்தாவுக்கும் திண்ணையை விட்டு இறங்காத ஆயாவுக்கும் ஒரே கண்ணாடி யோசனை சொல்லக் கூடாதுன்னு நான் எடுத்துக்கறேன்.

15 ஜூன், இரவு 8.40

ஸ்டாட்டிஸ்டிக்ஸ் தம்பி, நெகட்டிவ் பைனாமியல் மாடலை ஆர்ங்கற (R) மென்பொருள்ல எப்படிப் போடறதுன்னு கேட்டான். மாஸ் (MASS) பேக்கேஜ்ல ஜிஎல்எம் டாட் என்பி (glm.nb). விழுந்த எண்ணிக்கை இடது பக்கம், குரூப் வலது பக்கம், ஆளைக் கவனிச்ச நாளோட லாக்கை ஆஃப்செட்டா கொடு. ஆஃப்செட்டை விட்டுட்டா மூணு மாசத்துல ஊருக்குப் போயிட்டவரும் வருஷம் பூரா இருந்தவரும் ஒண்ணாயிடுவாங்க. ஒரு தடவையும் விழாதவங்களைத் தூக்கிடாத, பூஜ்ஜியமும் டேட்டாதான். வர்ற கோஎஃபிஷியன்ட் லாக்ல இருக்கும், அதையும் இன்டர்வெல்லையும் எக்ஸ்பொனென்ஷியல் எடுத்தா ரேட் ரேஷியோ. அதே டேட்டாவுல பாய்சானும் ஒரு தடவை ஓட்டிப் பாத்து ரெண்டு அகலத்தையும் இங்க போடு, பாக்கலாம்.